அஞ்சலை மிச்சம் பிடித்த மின்சாரம்

போன மாதம் என் பழைய வார்டிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் இப்போது அங்கே தலைமை நர்ஸ். ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கி வேலை பழகியவள். எப்போது கூப்பிட்டாலும் என்னைச் சிரிக்க வைக்காமல் போனை வைக்க மாட்டாள். அன்றும் ஒரு கதை வைத்திருந்தாள். தீராத வலிக்காக மூளையில் மின்கம்பி வைத்துக்கொண்ட பெரியவர் ஒருவர், வீட்டுக்குப் போனதும் கருவியை அணைத்து வைத்துவிடுகிறாராம்.

"நாள் பூரா முனகிக்கிட்டே கெடக்கறாரு மேடம். ஏன் தாத்தா ஆஃப் பண்றீங்கன்னா, சார்ஜ் வீணாப் போவுதாம். மிச்சம் பண்றாராம்!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவும் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்துப் பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நர்ஸ் படிப்பு, விடுதிச் சோறு, மேட்ரனின் அதட்டல் எல்லாம் மற்றவர்களுக்கு நடந்த மாதிரியேதான் எனக்கும் நடந்தது. அதை விட்டுவிடுகிறேன். எழுபதுகளில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை அறுவை வார்டில் என்னைப் போட்டார்கள். பிரசவ வார்டு கிடைக்கவில்லையே என்று இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தேன். பிறகு வேறு எந்த வார்டுக்கு அனுப்பினாலும் போகமாட்டேன் என்று சண்டை போடுகிற ஆளாகிவிட்டேன்.

அதற்குக் காரணம் எங்கள் பெரிய டாக்டர். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தபடியே இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையிலிருக்கும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவார். அதற்கே வார்டு அடங்கிவிடும்.

அவர் வார்டில் ஒரு சட்டம் இருந்தது. நோயாளியிடம் "வலி குறைஞ்சுதா?" என்று யாரும் கேட்கக் கூடாது. "என்ன தெரியுது?" என்று மட்டும்தான் கேட்கலாம். புதிதாக வந்த பயிற்சி டாக்டர் ஒருவர் இது தெரியாமல் ஒரு பெரியவரிடம், "என்னய்யா, வலி போயிடுச்சா?" என்று உற்சாகமாகக் கேட்டுவிட்டார். பெரியவரும் தலையை ஆட்டி, "போயிடுச்சு ராசா" என்றார். பேனா மூடியது. வராந்தாவுக்கு வந்ததும் பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"அவரு உங்க கேள்விக்குப் பதில் சொல்லலை. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாரு. நம்ம ஜனங்க வலியத் தாங்கிப்பாங்க. டாக்டர் முகம் வாடறதத் தாங்க மாட்டாங்க."

அவர் வெளிநாடு போய்விட்டு வந்த வருஷம் ஒரு சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார். மூளைக்குள் வலியின் சேதி போகும் வழியில் மயிரிழை போன்ற கம்பியை வைத்து, அதில் லேசான மின்சாரம் விட்டால் சிலருக்கு வலி அடங்குகிறது என்று அங்கே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைத்தியத்துக்குக் கொடுக்கும் ஷாக் என்று நினைத்து எங்கள் ஆயாம்மாக்களே முதலில் பயந்தார்கள். அது வேறு, இது வேறு. இதில் நோயாளிக்கு ஒரு துடிப்புகூட இருக்காது.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளையில் வைத்த கம்பி, தோலுக்கடியிலேயே கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சில் பதித்த ஒரு பட்டனில் வந்து சேரும். வெளியே, கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடும் பேட்டரிதான் அதற்கும். பெட்டியிலிருந்து ஓர் ஒயர், ஒயரின் நுனியில் ஒரு வளையம். அந்த வளையத்தை நெஞ்சுப் பட்டனுக்கு நேராகத் தோல்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பெட்டியைத் திருகினால், ரேடியோ அலை மாதிரி தோலைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இருக்கும் பட்டனில் எதுவும் சேர்த்து வைத்திருக்காது. வெளிப்பெட்டி இல்லாவிட்டால் அது சட்டைப் பட்டனுக்குச் சமம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

அப்படிப்பட்ட கருவிகள் எங்களிடம் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று அஞ்சலைக்குப் போனது.

அஞ்சலை மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவள். புருஷன் கிடையாது, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரே மகள் செல்வி, பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் உப்பு லாரியில் மூட்டை அடுக்கிவிட்டு மேலேயே அஞ்சலை உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். தூக்கி எறியப்பட்டவள் கட்டுக்கயிற்றை வலது கையால் பிடித்துத் தொங்க, உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் விழுந்தது. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தோடு பிய்ந்துபோயின. எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. கை மட்டும் செத்துவிட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாத அந்தக் கைதான் அவளுக்கு நாள் முழுக்க எரிந்தது.

பலருக்கு இது புரியாது. செத்த கை எப்படி வலிக்கும் என்று ஊரில் அவளைக் கேலி பேசியிருக்கிறார்கள். வேலைக்கு வராமலிருக்க நாடகம் ஆடுகிறாள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறான். அவனை நான் பின்னால் பார்த்தபோது வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வார்டுக்கு வந்த அன்று, படுக்கையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி சொன்னாள்: "டாக்டரு, இத்த வெட்டி எடுத்துடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "வெட்டினாலும் எரியும்மா. வலி கையில இல்ல. தலையில இருக்குது."

"அப்ப தலைய வெட்டிடுங்க."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். ஊருக்குத் திரும்பினால் கழிமுகத்தில் விழுந்துவிடுவதாகச் செல்வியிடம் சொல்லி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் பேச்சு எனக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் அறுவை அறையில் அவள் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. வயதில் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்றேன். அவள் கடைசிவரை என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

அந்த அறுவையில் நோயாளி விழித்திருக்க வேண்டும். மொட்டையடித்த தலையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஓர் இரும்பு வளையத்தை நான்கு முளைகளால் மண்டை எலும்போடு இறுக்குவார்கள். மூளைக்குள் கொஞ்சம் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தக் காற்று உள்ளே போனதும் தலை பிளப்பதுபோல் வலித்து வாந்தி வரும். அஞ்சலைக்கும் வந்தது. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, "கொஞ்ச நேரம்தான்கா" என்றேன். "இதெல்லாம் ஒரு வலியா நர்சம்மா" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தில் அளவெடுத்துக் கணக்குப் போட்டு, மீண்டும் போட்டு, இன்னொருவரைப் போடச் சொல்லி, இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் துளை போட்டார். துளை போடும் சத்தம் நோயாளியின் மண்டைக்குள்ளேயே கேட்கும். என் கையை அஞ்சலை பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. கம்பி அணு அணுவாக உள்ளே இறங்கியது. மின்சாரம் விடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் டாக்டர் ஒரு விரலைத் தூக்குவார், டெக்னீஷியன் திருகுவார். எப்போது விடுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"என்ன தெரியுதுக்கா?"

"ஒண்ணும் தெரியல."

"இப்ப?"

"எரியுது. எப்பவும் போலத்தான்."

"இப்ப?"

கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்தாள். "எறும்பு ஊருது. கையில. நர்சம்மா, கட்டை வெரல்ல ஊருது. அந்த வெரலு எனக்கு இருக்குதா?"

"இருக்குக்கா. இன்னும் என்ன தெரியுது?"

"உப்பு வாரிட்டு வந்து நல்ல தண்ணில கைய கழுவினாப்புல இருக்குது."

நான் அந்தப் பக்கத்துக்காரி. அவள் சொன்னது எனக்குத்தான் முழுதாக விளங்கியது. உப்பளத்தில் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று கைகாலெல்லாம் வெடித்துப்போய் வருகிறவர்களுக்கு, ஒரு சொம்பு நல்ல தண்ணீர் மேலே படுவது எப்பேர்ப்பட்ட சுகம் என்று பார்த்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் அவள் முகம் சுருங்கியது. மறுபடி விட்டார்கள், மறுபடி மலர்ந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில நாள் கம்பியை வெளியே வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, நெஞ்சில் பட்டனைப் பதித்தார்கள். அஞ்சலை தூங்கினாள். சாப்பிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு இடது கையாலேயே தலை வாரிவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவளுக்குப் பெட்டியைக் காட்டி விளக்கினார். காலையில் அரை மணி, மதியம் அரை மணி, படுக்கப் போகும்போது அரை மணி. அதற்குமேல் வேண்டாம்.

"ஓயாம வெச்சுக்கிட்டே இருந்தா மூளைக்குப் பழகிப்போயிடும். அப்புறம் கேக்காது. புரியுதாம்மா?"

"புரியுதுங்க." நெஞ்சிலிருந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது என் ஒருத்திக்குத்தானா டாக்டரு? நாளைக்கு வேற யாருக்காச்சும் வேணும்னா ஆவுமா?"

"இப்ப உங்களுக்கும்மா. பத்திரமா வெச்சுக்கிட்டா உங்க ஆயுசுக்கும் வரும்."

வார்டில் மற்ற நோயாளிகளை நினைத்துக் கேட்கிறாள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவள் பக்கத்தில் செல்வி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நீங்க அந்தப் பக்கம்தானே? ஊருக்குப் போறப்ப இவங்களப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் டாக்டர். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் பிரம்மதேசத்திலிருந்து மரக்காணத்துக்கு ஒரு பஸ் ஏறிவிடுவேன்.

முதல் சில தடவை நான் வருவது முன்னாலேயே அவளுக்குத் தெரியும். சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போவேன். போனால் குடிசை வாசலில் நெஞ்சில் வளையத்தை ஒட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பாள். சுட்ட மீன் தருவாள். புதுப் பேட்டரியைக் கொடுத்தால், "பழசே நல்லாத்தான் இருக்குது, எதுக்கு வீணா?" என்று திருப்பிக் கொடுப்பாள். வெளிநாட்டுச் சாமான், பேட்டரி கொஞ்சமாகத்தான் குடிக்கும்போல என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஒரு கோடையில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று திடீரென ஊருக்கு வந்தேன். அவர் தேறியதும், வந்ததே வந்தோம் என்று சொல்லாமல் மரக்காணம் போனேன். குடிசையில் யாரும் இல்லை. உப்பளத்துக்கு நடந்தேன். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த செல்வி, பள்ளிக்கூடத்துப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெண்களோடு உப்புக் கூடை சுமந்துகொண்டிருந்தாள். வரப்பின் ஓரத்தில் அஞ்சலை குந்தியிருந்தாள். செத்த கையை மடியில் போட்டு, இடது கையால் அதை முறுக்கிப் பிழிந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் வளையம் இல்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அய்யய்யோ, சொல்லாம வந்துட்டீங்களே நர்சம்மா!"

"பெட்டி எங்கக்கா?"

"ஊட்லதான். அரிசிப் பானையில வெச்சிருக்கறேன். உப்புக் காத்து பட்டா துரு ஏறிடுமில்ல?"

"ஏன் வெச்சுக்கல?"

"இப்ப தாங்கிக்க முடியுது."

"இதுவா தாங்கிக்கிறது?" நான் கத்திவிட்டேன். கூடை சுமந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அஞ்சலை என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் வரப்பில் இருந்த மண்பானையைக் காட்டினாள். ஓலை போட்டு மூடியிருந்தது.

"அதுல நல்ல தண்ணி இருக்குது. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். வெயிலு ஏற ஏற தொண்ட காயுந்தான். அதுக்காவ ஓடி ஓடிப் போய் மொண்டு குடிச்சா மத்தியானத்துக்கே பானை காலி. அப்புறம் சாயந்திரம் வரைக்கும் எங்க போவறது? ஒரு பாத்தி வாரி முடிச்சாத்தான் ஒரு வாய். அப்படித்தான் நர்சம்மா இதுவும். டாக்டரே சொன்னாருல்ல, ரொம்ப வெச்சா அப்புறம் கேக்காதுன்னு."

அது வேறு, இது வேறு என்று நான் விளக்கப் பார்த்தேன். பெட்டியில் இருப்பது வெறும் பேட்டரி, தீர்ந்தால் கடையில் வாங்கிப் போடலாம் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பொட்டி சாவி மாதிரி. பொட்டிக்கு பேட்டரி வாங்கலாம். சரக்கு உள்ளதானே வெச்சுத் தெச்சாங்க? அதுக்கு எங்க போய் வாங்கறது?"

மெட்ராஸ் போனதும் டாக்டரிடம் சொன்னேன். பேனாவை மூடினார். என்மேல் கோபமோ என்று பயந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு மரக்காணம் கிளம்பிவிட்டார்.

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி நடந்தார். கண்ணாடியில் உப்பு படிய, துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது. அஞ்சலை பதறிப்போய், "நல்லா இருக்குதுங்க டாக்டரு, ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள். அவர் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்து, வார்டில் கேட்பதுபோலவே கேட்டார்.

"இப்ப என்ன தெரியுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எரியுதுங்க" என்றாள். "கண்ணு முழிச்சதுலேருந்து எரியுதுங்க."

செல்வி ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். டாக்டரே பிளாஸ்திரியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். ஒட்டித் திருகினேன். அந்த முகத்தில் முதலில் நெற்றி தளர்ந்தது, அப்புறம் தாடை. உப்பு அம்பாரத்தில் சாய்ந்தபடி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். டாக்டர் தன் குடையை விரித்து அவளுக்கு நிழல் விழும்படி பிடித்துக்கொண்டார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் தரவில்லை. அரை மணி தாண்டியும் அவர் பெட்டியை அணைக்கச் சொல்லவில்லை.

அவள் விழித்ததும், "தீராதும்மா. நெஜமாத்தான் சொல்றேன், தீராது. தினமும் வெச்சுக்கங்க" என்றார். அவளும் கையெடுத்துக் கும்பிட முடியாமல் ஒரு கையை நெஞ்சில் வைத்து, "சரிங்க" என்றாள்.

திரும்பும்போது காரில் சொன்னார். "தீராதுன்னு சொல்லிட்டேன் சிஸ்டர். எத்தன வருஷம் கேக்கும்னு எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது."

அதன் பிறகு நான் சொல்லாமல்தான் போவேன். சில தடவை வளையம் நெஞ்சில் இருந்தது. சில தடவை செல்வி பஸ் ஸ்டாண்டிலேயே என்னைப் பார்த்துவிட்டுக் குறுக்கு வழியில் ஓடுவாள். அம்மா நெஞ்சில் வளையத்தை ஒட்டிவைக்கத்தான் ஓடினாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வார்டில் சட்டம் பேசலாம். அவள் குடிசையில் போய் நான் என்ன சட்டம் பேசுவது?

அந்த வருஷ மழைக்காலத்தில் புயல் வந்தது. உப்பளத்தில் கடலும் ஏரியும் ஒன்றாகி அவர்கள் குடிசைகளை இழுத்துப் போயின. நான் ரயிலும் பஸ்ஸும் மாறி ஊர் வந்து சேர்ந்தபோது, மரக்காணத்து ஜனங்களில் கொஞ்சம் பேரை எங்கள் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். வகுப்பறைச் சுவரில் சாய்ந்து அஞ்சலையும் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். அரிசிப் பானை போய்விட்டது. பானையோடு பெட்டியும் போய்விட்டது. அழுதது நான்தான். அஞ்சலை என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சிலிருந்த மேட்டில் வைத்தாள்.

"சாவிதான் போச்சு நர்சம்மா. சரக்கு அப்படியே இருக்குது பாருங்க. நான் எங்க செலவு பண்ணேன்?"

அதில் ஒன்றும் இல்லை அக்கா, அது வெறும் பட்டன் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்து, வீடு போனவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் வேறு பெட்டிக்காக வெளிநாட்டுக்கு எழுதினார். அந்த மாதிரிக் கருவி செய்வதையே நிறுத்திவிட்டார்கள், புதிய பெட்டி பழைய பட்டனோடு பேசாது என்று பதில் வந்தது. மறுபடி தலையைத் திறந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்குச் சாமான் இல்லை. இன்னொரு கருவி வேறொருவர் உடம்பில் இருந்தது. எங்கள் டெக்னீஷியன் தானே வளையம் சுற்றிப் பெட்டி செய்து பார்த்தார். அஞ்சலையை வரவழைத்து ஒட்டிப் பார்த்தோம். "என்ன தெரியுது?" என்று டாக்டர் கேட்டார். அவள் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எறும்பு ஊர்றாப்புல இருக்குதுங்க" என்றாள். நாங்கள் இன்னும் பெட்டியைத் திருகவே இல்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திருகிப் பார்த்தும் அந்தப் பெட்டி வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு மாத்திரைதான். வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதிலும் பாதியை மிச்சம் வைப்பாள்.

ஓரிரு வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கிறிஸ்துமஸ் விடுப்பில் ஊரில் இருந்தேன். செல்வி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போனபோது குடிசைக்குப் பின்னால் உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் தண்ணீரை அளக்கவில்லை. குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். செத்த கையைக் கழுவிய கிழவி, நெஞ்சிலிருந்த மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

செல்வி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனாள். அப்போது அவள் அம்மா செய்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். லாரியில் ஏறி மூட்டை அடுக்குவது.

"அக்கா, அம்மா சாவறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிச்சு. நெஞ்சுல இருக்கறத ஒங்ககிட்ட சொல்லி எடுத்து வெச்சுக்கச் சொல்லிச்சு. எனக்கு."

"உனக்கா?"

"ஆமா. நீயும் அதே லாரியிலதானே ஏர்ற, என்னிக்காச்சும் ஒனக்கு ஆவும்னு சொல்லிச்சு. மொதல்லேருந்து எனக்குன்னுதான் செலவு பண்ணாம வெச்சுதாம். நான் லாரியில ஏறப்போறப்பல்லாம் அத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கும்."

டாக்டரிடம் அன்று வார்டில், வேறு யாருக்காவது ஆகுமா என்று கேட்டவள், பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மகளைத்தான் நினைத்துக் கேட்டிருக்கிறாள். இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை என்று, செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"செல்வி, அதுல ஒண்ணும் கிடையாதும்மா. அது—"

"தெரியும்கா."

நான் அவளையே பார்த்தேன்.

"டார்ச் லைட்டுல கரண்டு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பொட்டி போன அன்னிக்கே தெரியும். நான்தான் அதுகிட்ட சொல்லல. சொன்னா, அப்ப இத்தினி நாளு நான் ஏண்டி தாங்கினேன்னு கேக்குமே. நான் இன்னான்னுகா சொல்றது?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம் போய் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் வலது கையைத் தூக்கி, விரல் விரலாகக் கழுவினாள். பட்டனை நாங்கள் எடுக்கவில்லை. அது அவளோடேயே புதைந்தது.

பெண்ணே, நீ சிரித்தது எனக்குக் கோபம் இல்லை. உன் வயதில் நானும் பேட்டரியை மெச்சிக்கொண்டு வந்தவள்தான். உன் வார்டுப் பெரியவரிடம் சார்ஜ் போட்டால் மறுபடி ஏறும் என்று நூறு தடவை சொல்லியிருப்பாய். இனி அதைச் சொல்லாதே. கருவியைப் போட்டுவிட்டு, அவர் முகம் தளர்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார். அப்புறம், யாருக்காக மிச்சம் வைக்கிறீர்கள் தாத்தா என்று கேள்.